தேர்தல் வார்த்தைகளும் அவற்றின் யோக்கியதையும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைத் "தேர்தல் வார்த்தைகள்" என்னும் விஷயமாய்ப் பேசவேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் காலேஜ் படிப்புப் படித்தவனல்ல. ராஜீய சாஸ்திரம் கற்ற பண்டிதனுமல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இம்மாதிரி வாசகசாலை பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்வதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். மாடு நம்முடையது, பணம் நம்முடையது, ஆனால் துண்டுக்குள் நடக்கிற பேச்சு மாத்திரம் நமக்குத் தெரியாது. கடைசியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "முடிந்தது" என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். நம்மில் பலருக்குத் தேர்தலும் அப்படித்தான் இருக்கிறது. ஓட்டு நம்முடையது, வரிப்பணம் நம்முடையது, ஆனால் டெபாசிட், மெஜாரிட்டி, தனித் தொகுதி, ஏகமனது என்கிற பாஷை தரகருக்கு மாத்திரந்தான் தெரிகிறது. அந்தத் துண்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பதே இன்று என் வேலை.

குடிமகன்

முதலில் நம்மை என்னவென்று அழைக்கிறார்கள் என்று பார்ப்போம். "இந்தியக் குடிமகன்" என்று புஸ்தகத்திலும் பத்திரிகையிலும் போடுகிறார்கள். ஆனால் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, நீங்களும் குடிமகன்தானே?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கோபம் வரும். ஏனென்றால் கிராமத்தில் குடிமகன் என்றால் சவரம் செய்கிற தோழருக்குப் பேர். குடிமக்கள் என்றால் நாவிதர், வண்ணார், குயவர் முதலிய, ஊருக்கு ஊழியம் செய்து களத்து மேட்டில் நின்று நெல் வாங்குகிற ஜாதியார்.

இதற்கு முன் வழங்கிய "பிரஜை" என்ற வார்த்தையாவது மேலானதா என்றால் அதுவும் இல்லை. வடமொழியில் பிரஜை என்றால் பெற்ற பிள்ளை, சந்ததி என்று பொருள். அதாவது ராஜா தகப்பன், நாமெல்லாம் பிள்ளைகள். தகப்பன் அடித்தாலும் பிள்ளை வாங்கிக்கொள்ள வேண்டும். தகப்பனை மாற்றுகிற பிள்ளை உலகத்தில் உண்டா? அதனால்தான் அந்த வார்த்தை ராஜாக்களுக்கு அவ்வளவு சௌகரியமாயிருந்தது.

1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டம் இந்த இரண்டு பொருளையும் தள்ளிவிட்டது. பண்ணையாரும் குடிமகன், அவருக்குச் சவரம் செய்கிறவரும் குடிமகன். கோயில் தர்மகர்த்தாவும் குடிமகன், அவர் தெருவைக் கூட்டுகிறவரும் குடிமகன் என்று எழுதிவிட்டது. ஆனால் காகிதத்தில் வந்த இந்தப் பொருள் நம் புத்திக்கு வந்திருக்கிறதா என்று கேட்கிறேன். வந்திருந்தால் குடிமகன் என்றதும் அந்தப் பெரியவருக்குக் கோபம் வருவானேன்?

ஓட்டு

அடுத்தது ஓட்டு. இந்த வார்த்தை "வோட்டம்" என்னும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாம். அதற்குச் சாமிக்கு நேர்ந்துகொள்ளும் பிரார்த்தனை என்று பொருள். ஐரோப்பியர் அந்தப் பிரார்த்தனையைச் சாமியிடமிருந்து பிடுங்கிச் சர்க்காரை ஏற்படுத்துகிற கருவியாக்கிக்கொண்டார்கள். நம்மவர்களோ அந்தக் கருவியைத் திரும்பவும் சாமியிடமே கொண்டுபோய்விடப் பார்க்கிறார்கள். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்த ஓட்டு நமக்கு எப்போது வந்தது? 1919-ம் வருஷத்துச் சட்டப்படி 1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, 4 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் ஓட்டு உள்ளவர்கள் சுமார் 12½ லட்சம் பேர். அதாவது 100-க்கு 3 பேர். நிலவரி கட்டுகிறவனுக்கும் வீட்டு வரி கட்டுகிறவனுக்கும் ஓட்டு. உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. 1921-ல் சென்னைச் சட்டசபைதான் பெண் என்ற காரணத்துக்காக ஓட்டு மறுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. அப்போதும் சொத்து இருக்கிற பெண்ணுக்குத்தான் ஓட்டு. நம் பெண்களுக்கோ அப்பன் சொத்தும் இல்லை, புருஷன் சொத்தும் இல்லை. 1935-ம் வருஷச் சட்டம் ஓட்டைக் கொஞ்சம் பெருக்கிற்று. அப்படியும் ஏழு பேரில் ஒருவருக்கு மேல் கிடைக்கவில்லை. 1950-ல் வந்த சட்டந்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும், ஜாதி, சொத்து, படிப்பு, ஆண், பெண் என்கிற எந்த வித்தியாசமும் பாராமல் ஓட்டுக் கொடுத்தது. 1989-ல் அந்த வயது 18 ஆயிற்று.

தோழர்களே! 1951, 52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலைப் பற்றி ஒரு சங்கதி கேளுங்கள். அப்போது ஓட்டர் ஜாப்தாவில் 17 கோடிக்கு மேற்பட்ட பேர் சேர்ந்தார்கள். பெயர் எழுத வீடு வீடாய்ப் போனபோது, வடநாட்டில் பல லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். "இன்னாருடைய சம்சாரம்", "இன்னாருடைய மகள்" என்று மாத்திரம் சொன்னார்களாம். அந்நிய ஆடவனிடம் தன் பெயரைச் சொல்வது பெண்ணுக்கு அடுக்காது என்பது அவர்கள் வழக்கம். சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று சொல்லி, கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் ஓட்டு தள்ளுபடியாயிற்று. அவர்கள் ஓட்டைப் பறித்தவர் யார்? வெள்ளைக்காரனா? சர்க்காரா? வழக்கம் என்கிற பேய்தான் பறித்தது.

நம் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். வடக்கே தன் பெயரையே சொல்லவில்லை. இரண்டும் ஒரே மரத்துக் காய்தான். இன்றைக்கும் நம் தாய்மார்களில் பலர், "அவர் யாருக்குப் போடச் சொல்கிறாரோ அவருக்குத்தான்" என்கிறார்கள். அம்மா! உங்கள் புருஷருக்கு ஒரு ஓட்டு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது ஓட்டு வேண்டுமானால் அவர் சர்க்காரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

குடவோலைப் பெருமை

ஓட்டைப் பற்றிப் பேசினாலே சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்ததா? ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்தரமேரூரில் குடவோலை போட்டவர்களல்லவா நாம்?" என்று மார்தட்டுகிறார்கள். அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறதென்று பார்த்தவர்கள் சிலரே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

சரி, யார் பெயரை ஓலையில் எழுதலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும், வேதம் ஓதியிருக்கவேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் கற்றவருக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி! அது பார்ப்பனருக்குத் தானமாய்விட்ட ஊரின் சபை. அந்த ஊரில் உழுதவன், குளம் வெட்டினவன், பறையடித்தவன், பெண் ஆகிய எவர் பெயரும் குடத்துக்கு உள்ளே போகவில்லை. அன்றியும் குலுக்கிப் போட்டு எடுப்பது அதிர்ஷ்டச் சீட்டே தவிர, ஜனங்கள் தங்கள் இஷ்டத்தைத் தெரிவிக்கிற ஓட்டு ஆகாது.

ஆனால் நியாயமாய்ப் பேசவேண்டும். அதே கல்வெட்டில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. சபைப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது என்பதே அது. பழம்பெருமை பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இந்த ஒன்றை மாத்திரம் சௌகரியமாய் மறந்துவிடுகிறார்கள்!

அபேட்சகரும் டெபாசிட்டும்

முன்பு அபேட்சகர் என்றோம், இப்போது வேட்பாளர் என்கிறோம். இரண்டுக்கும் ஆசைப்படுகிறவர் என்றுதான் பொருள். இங்கிலீஷில் "காண்டிடேட்" என்பது வெள்ளை உடுத்தியவன் என்னும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. பழைய ரோமாபுரியில் பதவிக்கு நிற்கிறவர்கள், தாங்கள் அப்பழுக்கில்லாதவர்கள் என்று காட்ட வெளுப்பான அங்கி போட்டுக்கொண்டு வீதியில் வருவார்களாம். நம்மூர் வெள்ளை வேஷ்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் 2,000 வருஷத்துப் பரம்பரை இருக்கிறது பாருங்கள்! அங்கியை வெளுக்கிறவர் வண்ணார். அவர் அபேட்சகராய் நின்றால் மாத்திரம் நாம் சிரிக்கிறோம்.

அபேட்சகர் கட்டும் ஜாமீன் பணந்தான் டெபாசிட். 1951-ல் பார்லிமெண்டுக்கு 500 ரூபாயும் சட்டசபைக்கு 250 ரூபாயும் இருந்தது. 2009-ல் செய்த திருத்தப்படி பார்லிமெண்டுக்கு 25,000, சட்டசபைக்கு 10,000. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் பழங்குடியாருக்கும் இதில் பாதி. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் இந்தப் பணம் போய்விடும். அதாவது 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-க்கு மேல் வாங்கியாக வேண்டும். விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்க இது வேண்டுமென்கிறார்கள். ஓரளவு நியாயந்தான். ஆனால் "டெபாசிட் போயிற்று" என்றால் மானமே போயிற்று என்று நம்மவர் பேசுவது அறியாமையாகும். இந்நாட்டில் ஒரு காலத்தில் சொல்லப்பட்ட நல்ல கொள்கைகளில் டெபாசிட் இழக்காதது எது? போனது ஜாமீன் பணமே தவிரக் கொள்கையல்ல.

மெஜாரிட்டி

மெஜாரிட்டி என்ற வார்த்தையைப் போல் ஏமாற்றுகிற வார்த்தை வேறில்லை. ஒரு தொகுதியில் 5 பேர் நிற்கிறார்கள். 1,00,000 ஓட்டு விழுகிறது. ஒருவருக்கு 30,000, மற்றவர்களுக்கு 24,000, 20,000, 16,000, 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 வாங்கினவர் ஜெயித்தார். 70,000 பேர் அவரை வேண்டாமென்றார்கள். சட்டப்படி அவர் பிரதிநிதிதான், அதில் ஆட்சேபணையில்லை. ஆனால் "ஜனங்கள் எல்லோரும் என் பக்கம்" என்று அவர் பேச ஆரம்பித்தால், இந்தக் கணக்கை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும். சட்டசபைக்குள் போனால் கணக்கே வேறு. 234 ஸ்தானமுள்ள நம் சட்டசபையில் 118 பேர் இருந்தால் மந்திரிசபை அமைக்கலாம்.

ஆனால் இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்றிருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் 1945-ல் பம்பாயில் பேசியபோது அதை எடுத்துக்காட்டினார். மற்ற நாடுகளில் மெஜாரிட்டி என்பது கொள்கையால் ஏற்படுவது; இன்று மெஜாரிட்டியாய் இருக்கிற கட்சி நாளை மைனாரிட்டி ஆகலாம். இந்த நாட்டிலோ மெஜாரிட்டி பிறப்பினாலே ஏற்படுகிறது. அதை யாரும் மாற்ற முடியாது என்பது அவர் சொன்னதன் கருத்து. நம் ஊரையே பாருங்கள். "இந்த வார்டில் எங்க ஆளுங்க 400 ஓட்டு, அவங்க 150 ஓட்டு" என்று டீக்கடையில் தேர்தலுக்கு முன்பே எண்ணி முடித்துவிடுகிறார்கள். தொட்டிலிலே எண்ணி முடித்துவிட்ட ஓட்டுக்குப் பெட்டி எதற்கு? யந்திரம் எதற்கு? பிரசங்கம் எதற்கு? ஜனநாயகம் என்பது தலையை எண்ணுவது என்கிறார்கள். நாமோ தலைக்குள் இருப்பதைப் பார்க்காமல், தலை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை மாத்திரம் எண்ணுகிறோம்.

வகுப்புவாதமும் வகுப்புரிமையும்

உடனே ஒரு புத்திசாலி எழுந்து, "நீங்கள் மாத்திரம் வகுப்புவாரி உரிமை கேட்கலாமோ? அதுவும் ஜாதிதானே?" என்பார். இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். "நான் உன் ஜாதி, ஆகையால் எனக்குப் போடு" என்பது வகுப்புவாதம். "இந்தப் பந்தியில் இத்தனை காலமாய் எனக்கு இலை போடவில்லை, எனக்கும் ஒரு இலை போடு" என்பது வகுப்புரிமை. முன்னது ஜாதியைக் காப்பாற்றுகிறது. பின்னது ஜாதியால் வந்த கேட்டுக்குப் பரிகாரம் கேட்கிறது.

1928-ல் மந்திரி முத்தையா முதலியார் காலத்தில் அமலுக்கு வந்த உத்தரவில், உத்தியோகம் 12 என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கு செய்தார்கள். இதில் யாரும் பட்டினி போடப்படவில்லை. இந்த வகுப்புவாரி முறை 1951-ல் கோர்ட்டில் செல்லாமற் போய், தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின்பேரில் அதே வருஷம் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. ஜாதியின் பேரால் ஓட்டுக் கேட்பதையோ தேர்தல் சட்டம் முறைகேடு என்கிறது. 2017-ம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டில் 7 ஜட்ஜுகளில் 4 பேர், அபேட்சகருடைய ஜாதி மதம் மாத்திரமல்ல, ஓட்டருடைய ஜாதி மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே பங்கு கேட்பதைச் சட்டம் அங்கீகரிக்கிறது. பூசாரி வேலையைத்தான் தடுக்கிறது.

தனித் தொகுதியும் பொதுத் தொகுதியும்

தனித் தொகுதி என்ற வார்த்தையில் ஒரு குழப்பம் இருக்கிறது. 1932-ல் டாக்டர் அம்பேத்கர் போராடி வாங்கின தனித் தொகுதி என்பது, தாழ்த்தப்பட்ட மக்களே தனியாய் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது. காந்தியார் எரவாடா ஜெயிலில் அதை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. ஸ்தானங்கள் 148 ஆயின. ஆனால் தனி ஓட்டு போய்விட்டது. இன்று நாம் தனித் தொகுதி என்பது அதுவல்ல. நிற்கிறவர் மாத்திரந்தான் தாழ்த்தப்பட்ட வகுப்பார். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லா ஜாதியாரும். இதனால் அங்கே ஜெயிக்கிறவர் தன் சேரியின் நன்மதிப்பைவிட ஊரின் நன்மதிப்புக்கே பயப்பட வேண்டியதாய் இருக்கிறது.

"பொதுத் தொகுதி" என்ற வார்த்தையோ இதைவிட வேடிக்கை. பொது என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம். ஆதிதிராவிடத் தோழரும் தாராளமாய் நிற்கலாம். ஆனால் கட்சிகள் நிறுத்துகிறார்களா? பொதுக் கிணறு, பொதுச் சாவடி, பொதுத் தெரு என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்கள்? "உனக்கில்லை" என்பதைத்தான் பொது என்று சொன்னார்கள். பொதுத் தொகுதி என்பதையும் அதே அர்த்தத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏகமனது

தோழர்களே! இன்று நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இந்த வார்த்தையைப் பற்றித்தான். பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததும், "எங்கள் ஊரில் போட்டியே இல்லை, ஏகமனதாய்த் தேர்ந்தெடுத்துவிட்டோம், எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்" என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். அந்த ஒற்றுமை எப்படி ஏற்பட்டது?

2019 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள். அதிகம் கேட்டவருக்குப் பதவி. பணம் கோயில் திருப்பணிக்கு. "சாமி காரியம், எதிர்த்து நிற்கிறவன் ஊருக்கு ஆகாதவன்" என்று சொல்லிவிட்டார்கள். எம்.ஏ. படித்த ஒரு தோழர் நிற்கலாமென்று மனுவை எழுதி வைத்திருந்தார். இராத்திரி அவர் தகப்பனாரிடம் ஆள் போயிற்று. காலையில் மனு கிழிந்தது. பத்திரிகையில் "ஏகமனது" என்று வந்தது. ஏலத்தில் எடுத்தவர் அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்காமல் விடுவாரா? சாமிக்குக் கோபுரம் வந்தது. தெருவுக்குச் சாக்கடை வரவில்லை.

இது ஏலத்தோடு நின்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். 1996-ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரின் ஏகமனது என்ன தெரியுமா? ஆள் நிற்கக்கூடாது, நின்று ஜெயித்தால் உடனே ராஜினாமாச் செய்யவேண்டும். 2006-ம் வருஷம் வரை 10 வருஷம் இந்த ஏகமனது நடந்தது. மதுரை ஜில்லா மேலவளவில் தோழர் முருகேசன் என்பவர் பயப்படாமல் நின்று ஜெயித்துத் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி, பஸ்ஸை வழிமறித்து அவரையும் அவரோடு 5 பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

கொன்றவர்கள் வெள்ளைக்காரர்களா? பார்ப்பனர்களா? இல்லை, தோழர்களே! நம்மைப்போல் சூத்திரர் என்று சாஸ்திரத்தால் இழிவுபடுத்தப்பட்டவர்களே கொன்றார்கள். மேலே இருக்கிறவன் நம்மைத் தாழ்த்தினான் என்று மேடையில் அழுதுவிட்டு, கீழே இருக்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்தால் பொறுக்கமாட்டோம் என்றால் நமக்குச் சுயமரியாதைக்காரன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லையா? நான் பிறருக்குச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் இருக்கிற நமக்கே சொல்லுகிறேன். சுயமரியாதை என்பது நமக்கு மேலுள்ளவனிடம் கேட்டு வாங்குவது மாத்திரமல்ல. நமக்குக் கீழே என்று நாம் வைத்திருப்பவனுக்குக் கொடுத்துத் தீர வேண்டியதும் ஆகும்.

ஆகவே ஏகமனது என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்படாதீர்கள். "யார் வாயை அடைத்தார்கள்?" என்று முதலில் விசாரியுங்கள்.

சத்தியமும் லஞ்சமும்

ஓட்டைச் சாமியிடம் கொண்டுபோகிறார்கள் என்றேனல்லவா? ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள், பணம் வாங்கினவர் மாற்றிப் போட்டுவிடுவாரோ என்று பயந்து, கற்பூரம் ஏற்றியும் பாலில் கை வைத்தும் சத்தியம் வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் 500 ரூபாய் வாங்கிச் சத்தியம் செய்துவிட்டு, மனசுக்குப் பிடித்த வேறொருவருக்குப் போட்டுவிட்டாள். பத்தாம் நாள் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. "சாமி குத்தம்" என்று அழுதுகொண்டே அபிஷேகத்துக்கும் பூசாரிக்கும் 700 ரூபாய் செலவு செய்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து கொடுத்த பிறகு நாலாம் நாள் பையன் விளையாடப் போய்விட்டான். நான் அந்த அம்மாளிடம், "தெரு முழுவதும் லஞ்சம் கொடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்ததா அம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, அவன் நல்லாத்தானே இருக்கான்" என்றாள். கொடுத்தவனை விட்டுவிட்டுப் பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற சாமி என்ன சாமி?

இதில் ஒரு விசேஷம் கேளுங்கள். 1951-ம் வருஷத் தேர்தல் சட்டம் 123-வது பிரிவு, ஓட்டருக்குத் தெய்வ கோபம் வருமென்று நம்பும்படி செய்வதையே முறைகேடு என்கிறது. அபேட்சகரோ, அவர் ஏஜெண்டோ, அவர் சம்மதத்தின்பேரில் பிறரோ இப்படிச் செய்ததாக ருஜுவானால் தேர்தலே செல்லாமற் போகும். சாமி பேரைச் சொல்லிப் பயமுறுத்துவது தப்பு என்று நாம் மேடையில் சொன்னால் நாஸ்திகர் என்கிறார்கள். சர்க்கார் சட்டத்திலேயே அது இருக்கிறது!

ஆனால் "வாங்கிக்கொண்டு மாற்றிப் போடு" என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டுக்கு லஞ்சம் கொடுப்பது எவ்வளவு குற்றமோ அவ்வளவு குற்றம் வாங்குவதும். 5 வருஷத்துக்கு 500 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு? சுமார் 27 காசு. பிச்சைக்காரனுக்கு நீங்கள் 27 காசு போட்டால் அவன் உங்கள் முகத்தில் வீசுவான்.

ரகசியமும் நோட்டாவும்

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "யாருக்குப் போட்டோமென்று தெரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா? எவருமே பிடிக்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ஓட்டு யந்திரத்தில் உங்கள் பெயர் பதிவாவதில்லை. பக்கத்துப் பெட்டியில் 7 வினாடி தெரிகிற சீட்டிலும் சின்னமும் அபேட்சகர் பெயருமே தவிர உங்கள் பெயர் இல்லை. ஒரு சாவடியில் மொத்தம் யாருக்கு எத்தனை என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் "எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுகிறார்கள். நீங்களாய் வாய்விட்டுச் சொன்னாலொழிய உங்கள் ஓட்டு எவருக்கும் தெரியாது. பண்ணையில் வேலை செய்கிறவருக்கும், புருஷனுக்குப் பயந்த பெண்ணுக்கும் அந்த மறைப்புத் தட்டிக்குப் பின்னாலிருக்கிற ஒரு நிமிஷந்தான் ஆயுளிலேயே ஒருவருக்கும் கட்டுப்படாத நிமிஷமாகும்.

எவரும் பிடிக்காவிட்டால் 2013-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி யந்திரத்தில் "நோட்டா" என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அதைப் போடுவது உங்கள் உரிமை. ஆனால் சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தலில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், நின்றவர்களில் அதிகம் வாங்கினவரே ஜெயித்தவர் ஆவார் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

முடிவுரை

தோழர்களே! நேரமாகிவிட்டது. மூன்று காரியத்தை மாத்திரம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஓட்டர் ஜாப்தாவில் உங்கள் பெயரும், உங்கள் வீட்டுப் பெண்கள் பெயரும் சரியாய் இருக்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே போய்ப் பாருங்கள். இரண்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஜாதியைக் கேட்காமல் கணக்கைக் கேளுங்கள். மூன்று, உங்கள் ஊரில் பதவி ஏலம் நடந்தால், சாமி பேரில் நடந்தாலும், அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று "இது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் ஒருவராய் இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் எழுந்து நின்றால் ஏகமனது அங்கேயே செத்துப்போகிறது.

மாடும் நம்முடையது, பணமும் நம்முடையது. துண்டை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் விலை பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.